இரும்பாலை நடத்திய விதவையும் நமது பாகப்பிரிவினையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



    

வரவு செலவுக் கணக்கு வாசித்து முடித்த பின்னர் பேச வருபவர் சுருக்கமாகப் பேச வேண்டும் என்பது நாம் அனுபவத்தில் கற்ற பாடம். ஆயினும் நம் ஜமாஅத்தில் இரும்புக் கடையும் வெல்டிங் பட்டறையும் நடத்தும் குடும்பங்கள் பல இருப்பதால், இன்று இரும்பைப் பற்றியே பேச விழைகின்றோம். திருக்குர்ஆனில் இரும்பின் பெயரால் ஓர் அத்தியாயமே உண்டு. நபி தாவூது (அலை) அவர்களுக்கு இறைவன் இரும்பை மென்மையாக்கித் தந்ததும், அவர்கள் போர்க்கவசம் செய்ததும் நீங்கள் அறிந்தவையே. நாம் சொல்லப் போவது ஒரு பெண்மணியின் இரும்பாலையைப் பற்றி. அவர் முஸ்லிம் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் குடும்பத்தில் 1794ஆம் ஆண்டு பிறந்தவர். பெயர் ரெபேக்கா லூக்கன்ஸ்.

அவருடைய தந்தை ஐசக் பென்னாக் இரும்பாலை அதிபர். 1813இல் ரெபேக்கா, சார்லஸ் லூக்கன்ஸ் என்னும் மருத்துவரை மணந்தார். மருத்துவரோ சிறிது காலத்தில் மருத்துவத்தை விட்டுவிட்டு மாமனாரின் தொழிலுக்கே வந்து சேர்ந்தார். (இவ்வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும்!) பிராண்டிவைன் ஆற்றங்கரையில் கோட்ஸ்வில் என்னும் ஊரிலிருந்த பென்னாக்கின் ஆலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். ஆற்று நீர் ஒரு சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரம் இரு உருளைகளைச் சுழற்றும்; பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டியை அவ்வுருளைகளின் இடையே திரும்பத் திரும்பச் செலுத்தித் தகடாக்குவார்கள். நீராவி எஞ்சின் பரவத் தொடங்கிய காலம் அது. 1818இல் கொதிகலனுக்குரிய தகட்டை அந்த ஆலை உருட்டியது. அமெரிக்காவில் இத்தகைய தகட்டை முதன்முதல் உருட்டிய ஆலை என்று அதனையே குறிப்பிடுகின்றனர். கொதிகலன் தகடு ஓரிடத்தில் மெலிந்திருந்தாலும் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். அருகில் நிற்பவர் உயிர் போகும். ஆகவே அந்த ஆலைக்கு நம்பிக்கைதான் முதலீடு.

1824இல் தந்தை இறந்தார். 1825இல் கணவரும் இறந்தார். அப்போது ரெபேக்காவுக்கு வயது 31. கையில் சிறு குழந்தைகள், வயிற்றில் ஒன்று. ஆலையோ கடனில் மூழ்கிக் கிடந்தது. கொடோரஸ் என்னும் இரும்புக் கப்பலுக்குத் தகடு தருவதாகக் கணவர் ஒப்பந்தம் செய்திருந்தார். அமெரிக்காவில் இரும்பினால் உடல் அமைத்த முதல் கப்பல் அது. ஆலையை விடாது நடத்த வேண்டும் என்பது கணவரின் கடைசி விருப்பம். பெற்ற தாயோ, இது பெண்ணுக்கு ஏற்ற வேலை அன்று என்று தடுத்தார்.

ரெபேக்கா ஆலையை விடவில்லை. கணவரின் சகோதரர் சாலமன் பட்டறையின் அன்றாட வேலையைக் கவனித்துக் கொண்டார். இரும்பு வாங்குவது, விலை பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது, கடன் அடைப்பது ஆகிய அனைத்தும் ரெபேக்காவின் பொறுப்பு. அண்ணன் மறைந்ததும் சாவிக்கொத்தைத் தம் இடுப்பில் செருகிக் கொள்ளாமல், அண்ணிக்குத் துணை நின்ற அந்தச் சாலமனையும் நாம் மறக்கலாகாது.

'இரும்புத் தொழில் ஆண்களுக்குரியது, பாரம் தூக்க வேண்டுமே' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடை முதலாளிகளில் எத்தனை பேர் பாரம் தூக்குகிறீர்கள்? அந்தத் தொழிலின் உயிர் கணக்கில் இருக்கிறது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். எட்டுக்கு நான்கு அடி பிளேட், 5 மில்லிமீட்டர் கனத்தில், ஏறத்தாழ 117 கிலோ இருக்க வேண்டும். 105 கிலோதான் இருக்கிறது என்றால் அது நாலரை மில்லிமீட்டர். 5 என்று சொல்லி விற்றவர் அளவையில் மோசடி செய்தவர். இக்கணக்கைப் பார்க்க மீசை தேவையில்லை. நம் மதரஸாவில் ஓதும் பெண்பிள்ளைகள் நொடியில் சொல்லி விடுவார்கள்.

1837இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. தகடு வாங்குவார் குறைந்தனர். ரெபேக்கா தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பாமல் ஆலையைப் பழுது பார்க்கவும், தம் பண்ணையில் வேலை செய்யவும் அமர்த்தினார். கையில் ரொக்கம் இல்லாதபோது பண்ணையில் விளைந்ததையே கூலியாகக் கொடுத்தார். ஆலை பிழைத்தது. 1859இல் அவர் குடும்பப் பெயரான லூக்கன்ஸ் என்பதே ஆலையின் பெயராயிற்று. 1998இல் பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் வாங்கும் வரை அப்பெயரிலேயே அந்நிறுவனம் நடந்தது.

இவ்வளவு செய்த பெண்மணிக்கு ஆலை சொந்தமாக இருந்ததா? இதற்காகவே இச்சரித்திரத்தை எடுத்தோம். தந்தையின் உயில் அந்த ஆலை யாருக்கு என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. கணவர் இறந்து 28 ஆண்டுகள் கழித்து, 1853இல்தான் அந்தச் சொத்து விவகாரம் தீர்ந்தது. மறு ஆண்டே ரெபேக்கா காலமானார். தம்முடையதா இல்லையா என்று உறுதி இல்லாத ஆலைக்காகவே அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

அக்காலத்தில் அந்நாட்டுச் சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை பெரும்பாலும் இல்லை. பென்சில்வேனியாவில் அவ்வுரிமைக்கான சட்டம் 1848இல் வந்தது. இங்கிலாந்தில் 1882இல் முழுமை பெற்றது. இதைக் கேட்டவுடன் நமக்குப் பெருமை பொங்கும். அன்னை கதீஜா நாயகி (ரலி) அவர்கள் தம் சொந்த முதலில் ஷாம் நாட்டுக்கு வணிகச் சரக்கு அனுப்பியதை மேடைதோறும் பேசுகிறோம். நாமும் பேசியிருக்கிறோம். ஆனால் பாகப்பிரிவினைப் பேச்சுக்கு நாம் சென்று அமரும் வீடுகளில் நடப்பது என்ன?

பட்டறை தொடங்கும்போது மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. வங்கிக் கடன் எளிதில் கிடைக்கும் என்று சில பட்டறைகள் மனைவியின் பெயரிலேயே பதிவாகின்றன. அவருக்கோ காசோலையில் கையொப்பம் இடுவது தவிர வேறு வேலை இல்லை. கணவர் மவுத்தானதும், 'பெயர்தானே உன்னுடையது, தொழில் எங்களுடையது' என்கிறார்கள். தகப்பனார் கடையில் பங்கு கேட்கும் மகளிடம், 'சீர் செய்தோமே, விட்டுக்கொடுத்து விடு' என்கிறார்கள். அவள் கண்ணீரோடு தலையசைப்பதைச் சம்மதம் என்று எழுதிக் கொள்கிறார்கள். அப்படிப்பட்ட தாளில் சாட்சிக் கையெழுத்துப் போடுமாறு நம்மையும் அழைத்தார்கள். நாம் போடவில்லை, அந்த வீட்டார் இன்றும் நம்மோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சட்டம் தெளிவானது. மய்யித்தின் அடக்கச் செலவு, பின்னர் கடன், பின்னர் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத மரண சாசனம், எஞ்சியதுதான் வாரிசுகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையேல் நான்கில் ஒன்று. பட்டறையில் கிடக்கும் ஆங்கிள், சேனல், வெல்டிங் எந்திரம், வர வேண்டிய பாக்கி யாவும் கணக்கில் சேரும். கொடுபடாத மஹர் கடன். பங்கு பிரிப்பதற்கு முன்பே கொடுக்க வேண்டும். மனைவி கடனாகத் தந்த நகையும் அவ்வாறே. அன்பளிப்பாகத் தந்திருந்தால் அது வேறு. எதுவென்று யாருக்குத் தெரியும்? எழுதி வைத்தால்தான் தெரியும். திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதாகும்.

இத்தாவில் இருக்கும் பெண் கடைக் கணக்கைத் தொடலாகாது என்று சிலர் சொல்லித் திரிகின்றனர். வீட்டிலிருந்தபடி கணக்குப் பார்ப்பதையும் வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுப்பதையும் இத்தா தடுப்பதில்லை. அந்த நான்கு மாதம் பத்து நாட்களில்தான் பல பட்டறைகளின் சரக்கு காணாமல் போகிறது.

ஆகவே கடை, பட்டறை வைத்திருக்கும் சகோதரர்கள் யாருடைய முதல் எவ்வளவு, யாருடைய நகை எத்தனை பவுன், கடனா அன்பளிப்பா என்று ஒரே தாளில் எழுதி, இருவர் சாட்சியோடு அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் கொண்டு வாருங்கள். பங்குக் கணக்கை எழுதித் தருகிறோம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பெண்கள் தம் மஹ்ரமான உறவினருடன் வந்தும் கேட்கலாம். மய்யித் வீட்டில் வைத்துக் கேட்பதைவிட, கணவரும் மனைவியும் உயிரோடு இருக்கையில் சேர்ந்து வந்து கேட்பது நமக்கும் எளிது.