மலை ஏறினா எல்பிஜி கார் ஏன் திணறுது?

இந்த எபிசோடுக்கு வந்த கேள்வி இது: "பழைய கார்ப்பரேட்டர் கார். வீட்டு வாசல்லயே வச்சு எல்பிஜி கிட் மாட்டினோம். திருச்சியில இருந்து துறையூர் வரைக்கும் நல்லா ஓடுது. சோபனபுரம் தாண்டி பச்சைமலை ஏறும்போது திணறுது; ஏர் ஃபில்டர் பக்கம் 'டப்'புனு வெடிக்குது. மலைக்காக ஸ்குரூவைத் திருப்பலாமா?"

மலைக்காகன்னு திருப்பாதீங்க. கோளாறு கீழே வச்ச டியூனிங்ல இருக்கு.

பெட்ரோல் திரவம். மேலே போனா காத்து மெலியும், பெட்ரோல் மெலியாது. அதனால கார்ப்பரேட்டர் கலவையில பெட்ரோல் கூடிடும். மிக்ஸர் வச்ச எல்பிஜி அப்படி இல்ல. ரெட்யூசரில் இருந்து வர்ற கேஸ் ஏறக்குறைய வெளிக்காத்து அழுத்தத்துலதான் வரும். காத்து மெலிஞ்சா கேஸும் கூடவே மெலியும். கலவை அதிகம் மாறாது. நூறு மீட்டருக்குச் சுமார் 1 சதவீதம் சக்தி குறையும். அது எந்த இன்ஜினுக்கும் உள்ளதுதான். மலையில உண்மையா மாறுறது பாரம். நாலு பேரோட ரெண்டாவது கியர்ல ஏறும்போதுதான், சமதளத்துல மறைஞ்சிருந்த லீன் கலவை வெளியே தெரியுது.

சரி, ஏன் லீனா வைக்கிறாங்க? மைலேஜுக்காக. ஒரு லிட்டர் எல்பிஜியில பெட்ரோலை விட ஏறக்குறைய கால் பங்கு சக்தி குறைவு. பெட்ரோல்ல 16 கிலோமீட்டர் கொடுத்த கார் கேஸ்ல 12, 13 கொடுத்தா அது சரியான கணக்கு. அதையும் 16 ஆக்கணும்னு கேஸை இறுக்கினா எக்ஸாஸ்ட் வால்வு கருகும். மிச்சம் பிடிச்ச காசு ஹெட் வேலைக்குப் போயிடும்.

டியூனிங் முறை இதுதான். முதல்ல காரை பெட்ரோல்ல ஒழுங்கா ஓட வைங்க: ஏர் ஃபில்டர், பிளக், பிளக் வயர், வால்வு கிளியரன்ஸ். கேஸைப் பத்த வைக்க ஸ்பார்க் பலமா வேணும். வயர் பழசா இருந்தா ஏத்தத்துலதான் காட்டிக் கொடுக்கும். ரேடியேட்டர் தண்ணியும் முக்கியம். ரெட்யூசர் அந்தச் சூட்டுலதான் திரவத்தை கேஸாக்குது. ரெட்யூசர் மேல பனி படிஞ்சா, ஸ்குரூவைத் தொடாம தண்ணியைப் பாருங்க.

அப்புறம் இன்ஜினை நல்லா சூடாக்கி, சுமார் 3000 ஆர்பிஎம்ல நிறுத்துங்க. குழாயில இருக்கிற பவர் ஸ்குரூவை, சத்தம் இறங்குற வரைக்கும் மெதுவா மூடுங்க. அந்த இடத்தைக் குறிச்சுக்கோங்க. இப்ப மறுபக்கம் இறங்குற வரைக்கும் திறங்க. ரெண்டுக்கும் நடுவுல, திறந்த பக்கம் கொஞ்சம் தள்ளி வைங்க. ஐடில் ஸ்குரூவைச் சரி பண்ணி, மறுபடி ஒரு தடவை பவர் ஸ்குரூவைப் பாருங்க. கடைசிச் சோதனை ஏத்தத்துல. அங்க வெடிக்காம, இழுவை விடாம ஏறினா டியூனிங் சரி. கீழே வந்ததும் மாத்த வேண்டியதில்ல.

வீட்டுல நீங்க தொடலாம்னு நான் சொல்றது இவ்வளவுதான். டேங்க், மல்டிவால்வு, உயர் அழுத்தக் குழாய் எல்லாம் அங்கீகாரம் உள்ள ஃபிட்டர் வேலை. வாசல்ல வச்சு மாட்டியிருந்தா, அவர்கிட்ட முழுசாச் சோதிச்சு, ஆர்டிஓவுல ஆர்.சி.யில பதிஞ்சிட்டு மலைக்குப் போங்க. சமையல் சிலிண்டரைக் கார்ல வைக்கிறதை 2001 ஆணை தடை பண்ணியிருக்கு. அதுல டியூனிங்கும் நிக்காது: மேல்பக்கம் ஆவி வேகமா வெளியேற, சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் விழும். வண்டி டேங்க்ல 80 சதவீதத்துல நிறுத்துற வால்வு இருக்கு. அதுல அந்தப் பாதுகாப்பு கிடையாது.

இன்னொண்ணு. எல்பிஜி காத்தை விடக் கனமானது. கசிஞ்சா காருக்குள்ள தரையோட தரையா தங்கும். வாசனை வந்தா இன்ஜினை நிறுத்தி, எல்லாரையும் இறக்கி, கதவுகளைத் திறந்து வச்சு, டேங்க் வால்வை மூடுங்க. கொண்டை ஊசி வளைவா இருந்தாலும், அப்புறம் பாத்துக்கலாம்னு ஓட்டாதீங்க.