மோதிரத்தின் உட்புறம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதையைப் பற்றிப் பேசுதற்கு இந்த அவையில் தகுதியுடையோர் பலர் உள்ளனர். நான் தொலைந்த மோதிரங்களைத் தேடிக் கொடுப்போரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். இப்பொருள் நம் வட்டத்திற்குப் புறம்பானதன்று.

மேலை நாடுகளில் 'மெட்டல் டிடெக்டர்' எனும் உலோகம் உணர்த்தும் கருவியை ஏந்திக் கடற்கரைகளிலும் வயல்வெளிகளிலும் நடப்போர் பலர். அவருள் ஒரு சாரார், பிறர் தொலைத்த மோதிரங்களைத் தேடியெடுத்து உரியவரிடம் சேர்ப்பதையே தம் பணியாகக் கொண்டுள்ளனர். கனடாவின் வான்கூவர் நகரில் 2009இல் இத்தகையோர்க்கென ஒரு பெயர்ப்பட்டியலே தொடங்கப்பெற்றது. கடல்நீரின் குளிர்ச்சியில் விரல் சற்றே சுருங்கும், மோதிரம் நழுவும். பொன் கனமுடையதாதலின் அலையடிக்கும் மணலில் எளிதில் புதைந்துவிடும். தொலைத்தவர் இவர்களை அழைப்பர்.

இக்கருவியின் வரலாறு வியப்பிற்குரியது. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவருடலில் தங்கிய குண்டைக் கண்டறிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்தினார். கட்டிலின் கம்பிச் சுருள்களும் குறுக்கிட, முயற்சி கைகூடவில்லை. இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுப் பொறியாளர் கோசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காணும் கருவி, 1942இல் எல் அலமைன் போர்க்களத்தில் பயன்பட்டது. குண்டையும் வெடியையும் தேடிய அறிவு இன்று ஒரு மணமோதிரத்தைத் தேடவும் உதவுகின்றது.

கருவியின் கம்பிச் சுருள் மண்ணுக்குள் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தைச் செலுத்தும். அங்கே உலோகம் இருப்பின் அதனுள் சுழல் மின்னோட்டம் தோன்றும். அதன் எதிர்விளைவைக் கருவி ஒலியாக்கிக் காதில் சேர்க்கும். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சிறிய பொன் மோதிரமும், குளிர்பான டப்பாவிலிருந்து பிய்த்தெறிந்த அலுமினிய வளையமும் ஏறத்தாழ ஒரே குரலில் ஒலிக்கும். குப்பையின் ஒலி என்று ஒதுக்குபவர் மோதிரத்தையும் ஒதுக்கிவிட நேரும். ஆதலின், மணலில் கோடு கிழித்து, வரிவரியாக நடந்து, ஐயத்திற்குரிய ஒலி ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்க்கின்றனர். பத்து முறை குப்பை வந்தாலும் பதினோராம் முறையும் குனிகின்றனர்.

கண்டெடுத்தல் பணியில் பாதியே. யாருடையது என்று அறிதல் மறுபாதி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1973இல் ஒரு பெண் தொலைத்த பள்ளி மோதிரம், 2020இல் பின்லாந்து நாட்டுக் காட்டு மண்ணில், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது. கடல் கடந்து அங்கே அது எவ்வாறு சென்றது என்பது புதிர். அதில் பொறித்திருந்த பள்ளியின் பெயர், ஆண்டு, இரண்டு முதலெழுத்துகள் ஆகியவையே உரியவரைக் காட்டின. அம்மோதிரத்தை இளமையில் அவருக்கு அளித்தவர் பின்னாளில் அவருடைய கணவரானவர். அவர் 2017இல் மறைந்திருந்தார். கைம்பெண்ணிடம் மோதிரம் வந்து சேர்ந்தது. உலோகத்தின் எடையைக் கொண்டு அதன் மதிப்பைக் கணிக்க இயலுமோ?

கவிஞர்கள் கேட்டு மகிழத்தக்க செய்தி இன்னொன்று. இங்கிலாந்தின் வயல்களில் இக்கருவியாளர் கண்டெடுப்பனவற்றுள் 'போசி மோதிரம்' என்பது ஒருவகை. 'பொயசி', அதாவது கவிதை என்னும் சொல்லே 'போசி' என மருவிற்று. காதலர் தமக்குள் வழங்கிய அம்மோதிரங்களின் உட்புறத்தில், தோலைத் தொடும் இடத்தில், ஓரிரு அடிக் கவிதை பொறிக்கும் வழக்கம் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பெரிதும் பரவியிருந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் சுருக்கத்திற்கு எடுத்துக்காட்டாக வருவது இம்மோதிரக் கவிதையே. அணிந்தவரன்றிப் பிறர் காணாத கவிதை அது. 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன் மோதிரம் கிடைப்பின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அங்கே அரசுக்கு அறிவித்தல் வேண்டும். பொறித்தவரும் அணிந்தவரும் மறைந்த பின்னரும் உட்புற எழுத்து பேசுகின்றது.

மோதிரத்தை உரிமை கோரி வருபவரிடம், அதன் உட்புறத்தில் இருப்பது யாது என்று கேட்டறிந்த பின்னரே ஒப்படைத்தல் முறை. இவ்வொரு வினாவைக் கேட்க நம் காப்பிய மதுரையில் ஒருவரும் இல்லாமற்போயினர். சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று கோவலனை எவரும் வினவவில்லை. பொற்கொல்லன் சொல்லே போதுமானதாயிற்று. கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது விடை தெரிந்தது, உயிர் மீளவில்லை. காளிதாசனின் சாகுந்தலத்திலோ, மீன் வயிற்றில் மோதிரத்தைக் கண்டெடுத்த செம்படவன் கள்வனெனக் கட்டுண்டான். பெயர் பொறித்த அம்மோதிரம் அரசன் கண்ணிற்பட்ட பின்னரே அவன் தப்பினான்.

உரியவர் பெயர் தொலைந்தால் உட்பொருளைக் கொண்டு அடையாளம் காணும் மரபும் நம்மிடம் உண்டு. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. பாட்டினுள் அவர் வைத்த உவமையே அவரைச் செம்புலப்பெயனீரார் ஆக்கியது. தொகுத்தோர் அப்பாட்டைப் பெயரின்றிக் கிடக்க விடவில்லை.

அன்பர்களே, நம் வட்டத்தின் கோப்புகளைப் பாருங்கள். பத்தாண்டுக் கூட்டங்களில் படிக்கப்பெற்ற கவிதைத் தாள்கள் பலவற்றில் பெயரில்லை. சிலர் ஊர் மாறிச் சென்றனர், சிலர் மறைந்தனர். முதலிற் பார்க்கும்போது அவற்றுள் பொன்னும் தகரமும் ஒரே குரலில் ஒலிக்கக்கூடும். ஆயினும் ஒவ்வொரு தாளையும் எடுத்துப் படிப்போம். எழுதியவரை, அவர் இல்லையேல் அவர் இல்லத்தாரைத் தேடுவோம். நம்மிடம் வந்தது என்பதனால் நம்முடையதாகிவிடாது. பதினோராம் ஆண்டை இப்பணியோடு தொடங்குவோமாக.