பெயர் பொறித்த பாத்திரம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'தமிழர் வாழ்வில் உலோகம்' என்னும் தலைப்பை எனக்கு அளித்தார்கள். தமிழ் பயிற்றுவிக்கும் ஒருத்தி உலோகத்தைப் பற்றி என்ன பேசிவிட முடியும் என்று முதலில் தயங்கினேன். பின்னர் என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அதுவே இவ்வுரைக்கு வித்து. அதனை இறுதியில் சொல்கிறேன்.

நம் முன்னோர் 'பொன்' என்னும் சொல்லைத் தங்கத்திற்கு மட்டும் உரியதாக வைத்துக்கொள்ளவில்லை. வெள்ளியை வெண்பொன் என்றனர். இரும்பைக் கரும்பொன் என்றனர். ஐந்து உலோகங்களின் கலப்பை ஐம்பொன் என்றனர். மண்ணுக்குள்ளிருந்து வந்து, நெருப்பில் உருகி, மனிதனுக்குப் பயன்பட்ட ஒவ்வொன்றும் அவர்களுக்குப் பொன்னாகவே தோன்றியது.

உலோகத்தைப் போற்றியவர்கள் அதனை உருவாக்கியவனையும் மறக்கவில்லை. தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் உரிய கடமைகளை வரிசைப்படுத்தும் புறநானூற்றுப் பாடலில் பொன்முடியார் கொல்லனுக்கும் ஓர் இடம் தந்தார். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரோ, அவன் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று அழகாக இருப்பதையும், அதியமானின் படைக்கலங்கள் நுனி முறிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டுப் பாடினார். வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக இப்பாடலை நாம் வகுப்பறையில் நடத்துகிறோம். ஆனால் அதில் வேறோர் உண்மையும் உண்டு. முறிந்த இரும்பை அன்று எவரும் எறியவில்லை. அது மீண்டும் உலைக்குத் திரும்பியது. மறுசுழற்சி என்று இன்று நாம் புதிதாகப் பெயரிட்டு அழைப்பது கொல்லன் பட்டறையில் நாள்தோறும் நடந்த தொழிலே ஆகும்.

இரும்பு எவ்வாறு பிறக்கிறது? தாதுவில் இரும்பு உயிர்வளியோடு பிணைந்து கிடக்கிறது. தாதுவையும் மரக்கரியையும் களிமண் உலையில் அடுக்கித் துருத்தியால் ஊதினால், கரியிலிருந்து எழும் வளி அந்த உயிர்வளியைக் கவர்ந்துகொண்டு வெளியேறும். எஞ்சுவது கடற்பஞ்சு போன்ற இரும்புக் கட்டி. அதனைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கிட்டத்தை நீக்க வேண்டும். இவ்விரும்பை ஆவாரை மரத் துண்டுகளோடும் எருக்கு முதலிய பச்சிலைகளோடும் சிறு மூசையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, நெடுநேரம் கடுந்தீயில் வைத்தனர் சேலம் பகுதிக் கொல்லர்கள். மரமும் இலையும் தந்த கரி இரும்பில் கலந்தது, உருக்குப் பிறந்தது. அந்த 'உருக்கு' கன்னடத்தில் 'உக்கு' ஆகி, ஐரோப்பியர் வாயில் 'ஊட்ஸ்' ஆயிற்று என்பர் ஆய்வாளர். மின்னியல் மேதை மைக்கேல் ஃபாரடே 1819ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் இந்த உருக்கை ஆராய்வதில் செலவிட்டார்.

நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து பாடிய கொடுமணம் இவ்வூரே என்பர். தாமிரபரணிக் கரையில் உள்ள சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டு வரை செல்வதாகத் தமிழக அரசு 2025 சனவரியில் அறிவித்தது. அச்செய்தி கேட்டு நாம் அனைவரும் பெருமை கொண்டோம். பெருமை கொள்வது தவறன்று. ஆனால் பழம்பெருமையோடு நின்றுவிடலாமா என்பதே என் வினா.

செம்பின் கதையைப் பாருங்கள். இன்று நூறு கிலோ கல்லை உடைத்தால் அதில் ஒரு கிலோ செம்பு கிடைப்பதே பெரிது. கல்லைப் பொடியாக்கி, நீரில் நுரைக்கச் செய்து தாதுவைப் பிரித்து, உலையில் உருக்கி, கந்தகத்தைப் போக்கி, இறுதியில் மின்சாரத்தால் தூய்மை செய்கிறார்கள். போக்கிய கந்தகம் எங்கே போகும்? முறையாகப் பிடித்துக் கந்தக அமிலமாக்காவிடில், அது நாம் மூச்சுவிடும் காற்றில் நஞ்சாகக் கலக்கும். கடல் கடந்து வந்த தாதுவை உருக்கிய தூத்துக்குடி ஆலையை எதிர்த்து மக்கள் போராடியபோது, 2018 மே மாதத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். நம் வீட்டு மின்கம்பியில் ஓடும் செம்புக்குப் பின்னால் இத்தகைய வரலாறும் இருக்கிறது.

அப்படியானால் இருக்கும் உலோகத்தையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் என்ன? அதுவே அறிவுடைமை. செம்பை எத்தனை முறை உருக்கினாலும் அதன் தன்மை குன்றுவதில்லை. பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். ஆயினும் இதிலும் ஓர் இடர் உண்டு. பழைய இரும்போடு சிறிதளவு செம்பு கலந்துவிட்டால் அதனைப் பின்னர் பிரிப்பது அரிது. அவ்விரும்பைக் காய்ச்சி அடிக்கும்போது வெடிப்பு விழும். ஆகவே மறுசுழற்சியின் உயிர்நாடி உலையில் இல்லை. வகை பிரிக்கும் கையில் இருக்கிறது.

அந்தக் கை யாருடையது? 'பழைய இரும்பு, பித்தளை, ஈயத்துக்குப் பேரீச்சம்பழம்' என்று நம் தெருவில் கூவி வந்தவருடையது. காயலான் கடையில் குந்தியிருந்து, காந்தக் கல்லால் தொட்டுத் தொட்டு இரும்பு வேறு, பித்தளை வேறு என்று பிரிக்கும் பெண்ணுடையது. வண்டி மின்கலத்தை உடைத்து ஈயத்தை எடுக்கும் தொழிலாளியுடையது. ஈயம் 327 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். எனவே கொல்லைப்புறத்தில் ஒரு சட்டியே போதும். ஆனால் அதன் தூசு குழந்தைகளின் குருதியில் கலந்து அறிவு வளர்ச்சியைக் கெடுக்கிறது. உலகில் மூன்று குழந்தைகளில் ஒரு குழந்தையின் குருதியில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக யுனிசெப் 2020இல் அறிக்கை வெளியிட்டது. பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்ற விதிகள் நம் நாட்டில் 2001ஆம் ஆண்டிலேயே வந்தன; 2022இல் புதிய விதிகளும் வந்தன. விதிகள் கொல்லைப்புறச் சட்டி வரை சென்று சேர வேண்டும். கொல்லனைத் தாயோடும் வேந்தனோடும் வரிசையில் வைத்த மொழியைப் பேசும் நாம், இவர்களை எந்த வரிசையில் வைத்திருக்கிறோம்?

இனி என் வீட்டுக் கதை. என் தாயார் மறைந்த பிறகு, வீட்டிலிருந்த பித்தளை அண்டா ஒன்றைப் பாத்திரக் கடைக்கு எடுத்துச் சென்றேன். வைக்க இடமில்லை, புளியிட்டுத் தேய்க்கவும் ஆளில்லை. கடைக்காரர் நிறுத்துப் பார்த்தார். 'பழசுதானம்மா' என்று சொல்லி விலை கூறினார். பிறகு சாக்கில் அடங்க வேண்டும் என்று சுத்தியலால் ஓங்கி அடித்து நசுக்கினார். அப்போதுதான் கண்டேன், அண்டாவின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பொறித்த எழுத்துகள். என் பாட்டியின் பெயர். அவர் கையெழுத்திடத் தெரியாதவர். அவர் பெயர் எழுத்தில் இருந்த ஒரே இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 'நிறுத்துங்கள்' என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் கீறப்பட்ட தமிழ்ப் பிராமிப் பெயர்களைப் பற்றி மாணவர்களுக்கு மணிக்கணக்கில் பாடம் நடத்துகிறவள் நான். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட யாரோ ஒருவரின் பெயரைக் கண்டு நெகிழ்கிறவள், சொந்தப் பாட்டியின் பெயரை நிறுத்து விற்றேன்.

அண்டா உருகியதில் எனக்கு வருத்தமில்லை. உலோகத்தின் இயல்பே அது. அப்பித்தளை இந்நேரம் குழாயாகவோ பூட்டாகவோ மாறியிருக்கும். உலோகம் மீண்டுவிடும். பெயர் மீளாது. உருக்குமுன் ஒரு தாளை வைத்து அவ்வெழுத்துகளைப் படியெடுத்திருக்கலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

ஆகவே இவ்விலக்கிய வட்டத்தார்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பத்தாண்டில், உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பாத்திரங்களில் உள்ள பெயர்களைப் படியெடுங்கள். நம் ஊரில் எஞ்சியிருக்கும் கொல்லரிடமும், ஈயம் பூசுவோரிடமும், காயலான் கடையில் பிரிப்போரிடமும் சென்று அமர்ந்து, அவர்கள் வழங்கும் தொழிற்சொற்களை எழுதி வாருங்கள். எழுதும்போது அவர்களுடைய இருமலையும் கேளுங்கள். சொல்லைத் தொகுத்துக்கொண்டு, சொன்னவரை மறந்துவிடுவது தமிழ்ப்பணி ஆகாது.