கிரௌட்ராக்: கேட்கத் தொடங்குவோருக்கு



ராக் இசை என்றதும் கிதார் முழங்க, பாடகர் உச்சக்குரல் எடுக்க, நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும் பாட்டுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இன்று நான் சொல்லப்போகிற இசை அப்படிப்பட்டதல்ல. ஒரு பாட்டு 10 நிமிடம் ஓடும். 18 நிமிடமும் ஓடும். பல்லவி, சரணம் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். பல பாட்டுகளில் பாடகரே இல்லை. 1960களின் இறுதியில் மேற்கு ஜெர்மனியில் பிறந்த இந்த இசைக்கு, பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகளின் தயவில் கிரௌட்ராக் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இதை வாசித்தவர்கள் போர்க்காலக் குழந்தைகள், அல்லது போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். பெற்றோர் காலத்து நாஜி ஜெர்மனியை அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை. ஊரெங்கும் ஒலித்த ஷ்லாகர் என்னும் இனிப்பான மெல்லிசைப் பாட்டுகளோ, எதுவுமே நடக்காததுபோல் பாடிக்கொண்டிருந்தன. அமெரிக்க, பிரிட்டிஷ் ராக் பிடித்திருந்தது. ஆனால் அது இரவல். தங்களுக்கென்று ஓர் ஒலியை அவர்கள் அடியிலிருந்தே கட்ட வேண்டியிருந்தது.

கொலோன் நகரில் 1968இல் கேன் என்ற குழு உருவானது. இர்மின் ஷ்மிட், ஹோல்கர் சூகாய் இருவரும் நவீன இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் பயின்றவர்கள். கிதார் வாசித்த மிக்கேல் கரோலி, சூகாயின் மாணவர். டிரம்மர் யாக்கி லீபெட்சைட் ஃப்ரீ ஜாஸ் வாசித்துவிட்டு வந்தவர். எந்தக் கட்டும் இல்லாத அந்த இசையை விட்டுவிட்டு, ஒரே தாளக்கட்டை விடாமல் பிடித்துக்கொள்வது என்று அவர் எடுத்த முடிவுதான் கேன் குழுவின் முதுகெலும்பு என்பேன்.

1970இல் மியூனிக் தெருவில் டாமோ சுசுகி என்ற ஜப்பானிய இளைஞர் பாடிக்கொண்டிருந்தார். சூகாயும் லீபெட்சைட்டும் அவரைப் பார்த்து, அன்றிரவு நடக்கவிருந்த தங்கள் கச்சேரியிலேயே பாட அழைத்தார்கள். ஒத்திகை கிடையாது. வந்தார், பாடினார், குழுவில் சேர்ந்தார். அவர்கள் இசை உருவானதும் இப்படித்தான். மணிக்கணக்கில் சேர்ந்து வாசிப்பார்கள். பதிவான ஒலிநாடாவைச் சூகாய் வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவார். 1971இல் வந்த 'டாகோ மாகோ' இசைத்தொகுப்பு ஒரு பழைய மாளிகையில் பதிவானது. பிறகு ஒரு பழைய திரையரங்கைப் பிடித்து, சுவர்களில் ராணுவ மெத்தைகளை அடித்து, அதையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டார்கள்.

டுசல்டார்ஃப் நகரில் க்ராஃப்ட்வெர்க் குழுவிலிருந்து விலகிய மிக்கேல் ரோதரும் கிளவுஸ் டிங்கரும் 1971இல் நொய் என்ற குழுவைத் தொடங்கினார்கள். டிங்கரின் டிரம்ஸ் நான்கு அடித் தாளத்தில் நேராகப் போகும்; அலங்காரம் மிகக் குறைவு. இந்தத் தாளத்துக்கு மோட்டோரிக் என்ற பெயர் ஏற்பட்டது. 1973இல் இரண்டாவது இசைத்தட்டைப் பாதி பதிவு செய்தபோதே பணம் தீர்ந்துவிட்டது. ஏற்கெனவே வெளிவந்த தங்கள் சிறுதட்டையே வேகமாகவும் மெதுவாகவும் சுழலவிட்டுப் பதிவு செய்து மறுபக்கத்தை நிரப்பினார்கள். சிலர் இதை ஏமாற்று வேலை என்றார்கள். எனக்கு அதில் துணிச்சல்தான் தெரிகிறது.

க்ராஃப்ட்வெர்க் 1974இல் 'ஆட்டோபான்' இசைத்தொகுப்பை வெளியிட்டு மின்னணு இசையின் பக்கம் போனது. இந்த ஜெர்மன் குழுக்களைக் கேட்ட பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி, 1977இல் 'லோ' என்ற இசைத்தொகுப்பில் தன் போக்கையே மாற்றிக்கொண்டார்.

எங்கே தொடங்கலாம்? கேன் குழுவின் 'ஸ்பூன்' பாட்டில் தொடங்குங்கள். மூன்று நிமிடம்தான்; ஜெர்மன் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு முகப்பிசையாக இருந்து, அங்கே பெரும் வெற்றி பெற்றது. அடுத்து நொய் குழுவின் 'ஹாலோகாலோ'. இதில் பாடகர் இல்லை. முதல் இரண்டு நிமிடங்களில், எப்போது மாறும் என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கும். பொறுங்கள். தாளம் மாறாது, அதன்மேல் ரோதரின் கிதார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படியும். தாளம் அசையாமல் நிற்பதால்தான் அந்தச் சிறு அசைவுகள் காதில் விழுகின்றன.

இவை இரண்டும் பிடித்தால் மட்டும் 'டாகோ மாகோ'வில் உள்ள 'ஹாலலூவா'வுக்குப் போங்கள். 18 நிமிடத்துக்கு மேல் நீளும். சுசுகி பாடும் சொற்களைத் துரத்த வேண்டாம். அந்த நேரத்தில் வாயில் வந்ததைப் பாடுகிறவர் அவர். லீபெட்சைட்டின் டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவை தாமாக வந்து சேரும்.