லயத்து நாயும் மாடி வீட்டு நாயும்

(வேலைக்குப் போகும் குடும்பங்கள் வீட்டில் விலங்கு வளர்ப்பது குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், கேமரன் மலையைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



‘நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை’ என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். இன்றைக்கு அந்தப் பழமொழியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. நமக்கு வேலையும் இருக்கிறது, நிற்க நேரமும் இல்லை. மாடி வீட்டில் பூட்டிக் கிடக்கும் நாய்க்கோ நேரம் மட்டும்தான் இருக்கிறது. காலையில் பூட்டிய கதவு மாலையில்தான் திறக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1885-இல் வில்லியம் கேமரன் அளந்து குறித்த மலை அது. 1929-இல் ஜே. ஏ. ரசல் அங்கே போ தோட்டத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு வேறு தோட்டங்களும் வந்தன. காட்டை அழித்துச் செடி நட்டவர்களில் நம் முன்னோர்களும் இருந்தார்கள். நம் ஆட்கள் குடியிருந்த லயங்களில் நாய் இல்லாத லயத்தை நான் பார்த்ததில்லை.

எங்கள் லயத்தில் ‘மணி’ என்று ஒரு நாய் இருந்தது. அது யார் வீட்டு நாய் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பதில் சொல்வார்கள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களோடு கிளம்பும். கூடையோடு கொழுந்து எடுக்கப் போகும் பெண்களுக்குப் பின்னால் மலையேறும். வெயில் ஏறினால் இறங்கி வந்து ஆயாக் கொட்டகை வாசலில் படுத்துக்கொள்ளும். அங்கே ஆயா ஒரு பிடி சோறு போடுவார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நாங்கள் வந்துவிடுவோம். இரவில் காட்டுப்பன்றி வந்தால் மணியின் குரல்தான் முதலில் கேட்கும். ஒரு நாளில் அரை மணி நேரம்கூட அது தனியாக இருந்ததில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். எந்த நாய்க்கும் தடுப்பூசி போட்டதில்லை. காதெல்லாம் உண்ணி மொய்க்கும். குட்டி போட்டால் சாக்கில் கட்டிக்கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டு வருவார்கள். டிஸ்டெம்பர் நோய் வந்து இழுத்து இழுத்துச் செத்த குட்டிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் குறையாமல் கிடைத்தது: மனிதத் துணை. அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை, நேரம் ஒதுக்கவில்லை. லயத்து வாழ்க்கையே அதைக் கொடுத்தது. தோட்டத்தை விட்டு மாடி வீட்டுக்கு வரும்போது நாம் கவனிக்காமல் விட்டுவிட்டு வருவது இதைத்தான்.

குற்றவாளி நான்தான்

நான் இப்போது தானா ராத்தாவில் ஓர் அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரருக்குத் தங்கும் விடுதியில் வேலை. எனக்குப் பள்ளி. காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் மாலை நான்கு மணிக்குத்தான் திரும்புவேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் கியா பார்ம் காய்கறிச் சந்தைப் பக்கம் மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு கறுப்புக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வயது மூன்று மாதம் இருக்கும். ‘கறுப்பன்’ என்று பெயர் வைத்தோம்.

மறுநாளே அதைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டோம். தட்டு நிறையச் சோறு, கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்தோம். வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம். மாலையில் வந்து பார்த்தால் வீடெல்லாம் மூத்திரம், கதவின் கீழ்ப்பாதி கடித்துக் குதறிக் கிடந்தது. நான் அதட்டினேன், ஓர் அடியும் வைத்தேன். இரண்டாவது வாரத்தில் கீழ்வீட்டு மக்சிக் மேலே வந்து, நாள் முழுக்க அது அழுகிறது என்று தன்மையாகச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்றாவது வாரம் நிர்வாகத்திடமிருந்து கடிதமே வந்துவிட்டது.

அன்றைக்குப் பழைய கைப்பேசி ஒன்றில் ஒலிப்பதிவை ஓடவிட்டு வைத்துப் போனேன். மாலையில் போட்டுக் கேட்டேன். கதவு சாத்தும் சத்தம். என் செருப்புச் சத்தம் படியில் இறங்குகிறது. அதற்குப் பிறகு ஊளை. நிறுத்தாமல், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஊளை. முழுவதையும் என்னால் கேட்க முடியவில்லை. மணியை அப்படிக் கத்தவிட்டு யாரும் போயிருக்க மாட்டார்கள். குற்றவாளி குட்டியும் இல்லை, மக்சிக்கும் இல்லை. குற்றவாளி நான்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நேயர்களே, குட்டியைத் தூக்கி வருவதற்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டியதை நீங்களாவது செய்யுங்கள். 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, அண்டை வீட்டாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் விலங்கை மாடி வீட்டில் வைத்திருக்கக்கூடாது. நிர்வாகம் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தால் மூன்று நாளில் அகற்ற வேண்டும். நாய்க்கு உரிமம் கொடுப்பது ஊராட்சி மன்றம். மாடி வீட்டில் அனுமதி உண்டா, எத்தனை நாய் வைக்கலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். முதலில் மன்றத்திடம் கேளுங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்க்கும் விலங்குக்குத் தகுந்த இடம், உணவு, இயல்பாக நடமாடும் வாய்ப்பு, நோயிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றைக் கொடுப்பது உரிமையாளரின் கடமை. கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டத்துக்கும் மேலே அண்டை அயல் என்று ஒன்று உண்டு. நம் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில், நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். நமக்கு அது ஒரு நக்கல். தொழுகைக்குக் கிளம்பியவருக்கு அது எவ்வளவு வேலை என்று நினைத்துப் பாருங்கள். படிக்கட்டில் நாயைக் குட்டையான கயிற்றில் பிடியுங்கள். எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நின்று வழி விடுங்கள். அசுத்தம் செய்தால் அப்போதே துடைத்துவிடுங்கள். மழைநாளில் உடம்பைத் துவட்டிவிட்டுப் படியேற்றுங்கள். இவ்வளவும் செய்தால் பாதிப் புகார் குறைந்துவிடும்.

ஒரு நாளை எப்படிப் பங்கு போடுவது?

கால்நடை மருத்துவர் ஒருவர் எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். அத்தனை மணி நேரம்தான் அதனால் மூத்திரத்தை அடக்க முடியும். மூன்று மாதக் குட்டிக்கு அதிகம் போனால் நான்கு மணி நேரம். நான் ஒன்பது மணி நேரம் பூட்டி வைத்திருந்தேன்! வளர்ந்த நாய்க்குக்கூட ஆறு முதல் எட்டு மணி நேரம்தான் எல்லை.

ஆகவே நடுப்பகலில் ஓர் ஆள் வேண்டும். எங்கள் அடுக்குமாடியிலேயே, தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியம்மா இருந்தார். பன்னிரண்டு மணிக்கு வந்து கீழே அழைத்துப் போய், கால் மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். மாதம் ஒரு தொகை கொடுத்தேன். லயத்தில் ஆயா சும்மா கொடுத்ததை இங்கே காசு கொடுத்து வாங்கினேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து நடத்தினோம். மூக்கை வைத்து முகர்ந்து முகர்ந்து நடக்க விட வேண்டும். அவசரமாக இழுத்துக்கொண்டு ஓடினால் அதன் பெயர் நடை இல்லை. களைத்து வந்த நாய் தூங்கும். வளர்ந்த நாய் எப்படியும் நாளில் பாதி தூங்குகிற பிராணிதான். கிளம்பும்போது உணவில் ஒரு பங்கைப் பழைய துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டு வைப்பேன். அதை அவிழ்த்துத் தின்பதற்குள் நான் போன துக்கம் பாதி ஆறிவிடும்.

தனிமையைப் பழக்குவதும் ஒரு பாடம்தான். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் நான் அதைத் தொடங்கினேன். சாவியை எடுப்பேன், போகமாட்டேன். கதவைத் திறந்து ஒரு நிமிடம் வெளியே நிற்பேன். பிறகு ஐந்து நிமிடம், பத்து, அரை மணி. திரும்பி வரும்போது ஆரவாரம் கிடையாது. வீட்டைக் கலைத்துப் போட்டிருந்தாலும் அடிக்கக் கூடாது. காலையில் செய்ததற்கு மாலையில் அடித்தால் எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. நாம் வருவதைக் கண்டு பயப்படத்தான் கற்றுக்கொள்ளும்.

உணவிலும் பழைய பழக்கத்தை விட வேண்டும். லயத்தில் தேநீரில் ரொட்டியை நனைத்துப் போடுவோம். தேயிலையிலும் காப்பியிலும் உள்ள காஃபின் நாய்க்கு ஆகாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாமே நஞ்சு. வெங்காயம் போட்ட கறிக் குழம்பை ஊற்றாதீர்கள். வேகவைத்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் குத்தும். ஆறு, எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்கி மருத்துவர் சொல்லும் முறைப்படி முடியுங்கள். 2017-இல் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் பரவி மனித உயிர்களையே வாங்கியதை மறக்க வேண்டாம். கருத்தடையும் செய்துவிடுங்கள். சாக்குப் பை காலம் போதும்.

முடியாது என்று சொல்வதும் அன்புதான்

கடைசியாக ஒன்று. இருவரும் பத்து மணி நேரம் வெளியே, பகலில் எட்டிப் பார்க்க ஆளில்லை, சனி ஞாயிறும் கூடுதல் நேர வேலை என்றால் தயவுசெய்து நாய் வளர்க்காதீர்கள். பிள்ளை அழுகிறான் என்று குட்டி வாங்காதீர்கள். ஆசை அடங்காவிட்டால், ஓரளவு தனிமை பழகிய, வளர்ந்த நாய் ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? எங்கள் லயத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரை விட்டுப் போனபோது, சாமான் ஏற்றிய லாரிக்குப் பின்னால் நாய்கள் ஓடியதைப் பார்த்தவள் நான். வளைவு வரைக்கும் ஓடி, நின்று, திரும்பி வந்து, பூட்டிய வீட்டு வாசலிலேயே படுத்துக்கொண்டன. ‘மாடி வீட்டுக்கு எப்படிக் கொண்டு போவது?’ என்று எல்லாரும் சொன்னோம். கொண்டு போயிருக்கலாம். எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்டுப் பார்க்கவும் இல்லை.

கறுப்பனுக்கு இப்போது ஆறு வயது. போன மாதம் மக்சிக் படியில் என்னை நிறுத்தி, ‘உன் நாய் இன்னும் இருக்கிறதா? சத்தமே காணோமே’ என்று கேட்டார். எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.