மாலையும் சிலம்பும்



செல்வர் இல்லங்களில் மணப்பேச்சு எழும்போதே பொருட்பேச்சும் உடன் எழுகின்றது. இஃது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கன்று. இளங்கோவடிகள் அருளிய சிலப்பதிகாரம் இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது.

புகார் நகரத்துப் பெருவணிகன் மாசாத்துவான். அவன் மகன் கோவலனுக்கு அகவை 16. மற்றொரு பெருவணிகன் மாநாய்கன். அவன் மகள் கண்ணகிக்கு அகவை 12. இருவர்தம் பெற்றோரும் மணக்கோலம் காண விழைந்தனர். மகளிரை யானைமேல் ஏற்றி மாநகர்க்குச் செய்தி அறிவித்தனர். மணமக்களின் உள்ளத்தை எவரேனும் கேட்டறிந்ததாகக் காப்பியத்தில் குறிப்பில்லை. கோவலனின் தாய் பெருஞ்செல்வமும் ஏவலரும் தந்து அவர்களைத் தனிமனையில் குடியமர்த்தினாள்.

அதே நகரில் மற்றொரு காட்சி. அரசனிடம் மாதவி பரிசாகப் பெற்ற மாலையைக் கூனி ஒருத்தி நகர நம்பியர் உலவும் தெருவில் ஏந்தி நின்றாள். அதன் விலை 1008 கழஞ்சு பொன். மாலையை வாங்குபவனே மாதவிக்கு உரியவன். கோவலன் வாங்கினான், மனையாளை மறந்தான்.

குன்றெனக் குவிந்திருந்த குலச்செல்வம் கரைந்தது. நாணத்தோடு மீண்ட கணவனிடம் கண்ணகி கணக்குக் கேட்கவில்லை. தன் சிலம்பினைக் கொள்ளுமாறு கூறினாள். மாலை விலைக்கு வந்தது. சிலம்போ கேளாமலே வந்தது.

அவள் இழப்பை உணராதவள் அல்லள். மதுரையில் ஆய்ச்சியர் குடியிலே தங்கியிருந்தபோது தன் குறையைக் கணவனிடம் எடுத்துரைத்தாள். அணிகலன்களுக்காக அவள் வருந்தவில்லை. அறவோர்க்கு வழங்கவும், துறவியரை எதிர்கொள்ளவும், விருந்தினரைப் போற்றவும் இயலாமற் போயிற்றே என்றே வருந்தினாள். இல்லறத்தில் பொருள் எதற்கு என்னும் வினாவிற்கு இதனினும் சிறந்த விடை உண்டோ?

பின்னர் நிகழ்ந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். மக்களின் முடிவைக் கேட்ட தந்தையர் இருவரும் தம் பொருள் முழுவதையும் தானமாக வழங்கித் துறவு பூண்டனர். மாசாத்துவான் பௌத்தரையும், மாநாய்கன் ஆசீவகரையும் சார்ந்தனர். யானைமேல் முரசறையத்தக்க செல்வம் ஒரு மகளின் வாழ்வைக் காக்கவில்லை.

மிகுபொருள் விரும்பாமை நம் இல்லறத்தார்க்கு உரிய விரதங்களுள் ஒன்று. அது மணப்பந்தலுக்கு வெளியே நிறுத்திவைக்கத்தக்கதோ? பெண் பார்க்கச் செல்லும் பெரியோர்களே, எத்தனை பவுன் என்று கேட்குமுன் அப்பெண்ணின் விருப்பத்தைக் கேளுங்கள். மகளைக் கொடுப்போரே, அம்மனையில் அறம் செய்ய அவளுக்கு உரிமை உண்டா என்று கேளுங்கள். இவ்விரு வினாக்களுக்கும் நல்விடை கிடைக்குமாயின் அதுவே நிறைந்த சீர்.