தேனீக்கு நோய் வருமுன்னே மருந்து கலக்கலாமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், தேனீப் பெட்டி வைத்திருக்கும் குழுக்களின் சார்பில் பேசியது)



வில்லியனூர், பாகூர் இரண்டு கொம்யூனிலும் தேனீப் பெட்டி வைத்திருக்கிற குழுக்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினோம். பேசி முடிவான விஷயத்தை இப்போது உங்கள் முன்னால் வைக்கிறோம்.

பெட்டி விற்க வருகிற சிலர் கூடவே ஒரு மஞ்சள் பவுடர் பாக்கெட்டையும் கொடுக்கிறார்கள். "மாசம் ஒரு தடவை சர்க்கரைப் பாகில் கலந்து வைங்கம்மா, எந்த நோயும் கிட்டே வராது" என்கிறார்கள். பெட்டிக் கடனோடு அந்தப் பாக்கெட் செலவையும் உள்கடனில் சேர்க்கச் சொல்லி இரண்டு மூன்று குழுக்கள் கேட்டிருக்கின்றன. கடன் என்பது நம் எல்லோருடைய சேமிப்புப் பணம். அது எதற்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு கொடுப்பதுதானே சரி?

அந்தப் பவுடர் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாடிக். கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கிற மருந்துதான், மனுஷருக்கும் இதே வகையில் மாத்திரை உண்டு. மருந்து என்ற வகையில் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நோயே இல்லாத பெட்டிக்கு அதை மாசாமாசம் ஊற்றலாமா என்பதுதான் நம் கேள்வி.

மாடு வைத்திருக்கிற அக்காமாருக்கு இது சட்டென்று புரியும். பசுவுக்கு மடிநோய் வந்தால் டாக்டர் ஊசி போடுகிறார். போட்டுவிட்டு, இத்தனை நாளைக்குப் பாலைச் சொசைட்டியில் ஊற்றாதீர்கள் என்றும் சொல்லிப் போகிறார். மருந்து பாலில் இறங்கும் என்பதால்தான் அப்படி. நோய் வந்துவிடுமோ என்று பயந்து நல்ல பசுவுக்கு மாசாமாசம் யாராவது ஊசி போடுவோமா? தேனீயும் அப்படித்தான். பசுவிடம் நாள் கணக்குப் பார்த்துப் பாலை நிறுத்தலாம், தேனீயிடம் அது நடக்காது. நாம் வைக்கிற பாகை அது அன்றைக்கே குடித்துத் தீர்ப்பதில்லை. மிச்சத்தை அடையில் சேர்த்து வைக்கிறது, தேவைப்பட்டால் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கும் மாற்றுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூ இல்லாத நாளில் ஊற்றின மருந்துப் பாகு, வேம்பும் புங்கனும் பூக்கிற காலத்துத் தேனோடு கலந்து நம் டின்னுக்கே வந்து சேரலாம். வடிகட்டினால் அது போகாது. காய்ச்சினால் தேனின் தரம்தான் கெடும்.

சரி, தேன் கெட்டாலும் தேனீ பிழைக்குமே என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கு மார்த்தாண்டத்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் 1920களிலேயே ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. மையம் வழியாகக் கிராமத்து ஜனங்களுக்குத் தேனீ வளர்ப்பு சொல்லிக் கொடுத்தார். ரப்பர் தோட்டமும் பக்கத்திலேயே இருந்ததால் தொழில் நன்றாக வளர்ந்தது, தேன் என்றாலே மார்த்தாண்டம் என்று பேரும் வந்தது. 1991, 92ல் ஒரு நோய் பரவி, தென்னிந்தியாவில் கூட்டம் கூட்டமாக அடுக்குத்தேனீ அழிந்துபோனது. தாய் சாக்புரூட் என்று அதற்குப் பெயர். 1976ல் தாய்லாந்தில் முதலில் கண்டதால் அந்தப் பேர். புழு செத்து, தோலுக்குள் தண்ணீர் கோத்து, சின்னப் பை மாதிரி ஆகிவிடும். தலை மேலே தூக்கினபடி படகு போலக் கிடக்கும். பெட்டி பெட்டியாகக் காலி. அதை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் வேறு வேலை தேடிப் போக வேண்டியதாயிற்று.

அது வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் தாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. சளி பிடித்தவருக்கு டெட்ராசைக்ளின் கொடுத்த கதைதான். நாம் வளர்க்கிற அடுக்குத்தேனீக்குப் பெரிய எதிரி இந்த நோய். "எந்த நோயும் வராது" என்று விற்கிற பவுடர் இதற்குச் சுத்தமாக உதவாது. மார்த்தாண்டம் பக்கம் தொழில் மறுபடி தலையெடுக்கப் பல வருஷம் ஆயிற்று. அந்த நோயிலும் சாகாமல் நின்ற கூட்டங்களிலிருந்துதான் திரும்பப் பெருக்கினார்கள்.

பாக்டீரியாவால் வருகிற புழு அழுகல் நோயும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதில் ஒரு வகையை ஐரோப்பிய வகை என்பார்கள். மூடாத அறையிலேயே புழு மஞ்சளாகி, முறுக்கிக்கொண்டு சாகும், புளித்த வாடை வரும். இன்னொன்று அமெரிக்க வகை. மூடி உள்வாங்கி ஓட்டை விழும், தீக்குச்சியை விட்டு இழுத்தால் புழு நூல் மாதிரி இழுபடும். இந்த இரண்டாவது வகைக் கிருமி விதை போல உறங்கிக் கிடக்கும். மருந்து அந்த விதையைக் கொல்லாது, நோயை வெளியே தெரியாமல் அமுக்கி வைக்கும். நாம் நல்ல பெட்டி என்று நினைத்து அதன் சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாற்றுவோம். நோயும் கூடவே போகும்.

இன்னொரு விஷயம் எங்களுக்கே புதுசாக இருந்தது. தேனீயின் குடலில் நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன. நமக்குத் தயிர் எப்படியோ அப்படி, அதன் உடம்புக்குத் தெம்பு. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2017ல் வெளியிட்ட ஆய்வில், டெட்ராசைக்ளின் கொடுத்த தேனீக்களுக்கு இந்த நல்ல கிருமிகள் குறைந்துபோயின. பெட்டியில் திரும்ப விட்டபின் அவை மருந்து தராத தேனீக்களைவிட அதிகமாகச் செத்தன. காசு கொடுத்து வாங்கி நல்ல தேனீயைப் பலவீனமாக்குவதா? அந்த அமெரிக்காவிலேயே 2017 முதல் கால்நடை மருத்துவர் உத்தரவு இல்லாமல் தேனீக்கு இந்த மருந்து வாங்க முடியாது.

விற்பனைக்கு வருவோம். நம் தேனைப் பாட்டிலில் பார்த்தே வாங்குகிறார்கள், மருந்து கண்ணுக்குத் தெரியவா போகிறது என்று நினைக்கலாம். 2010ல் டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 தேன் மாதிரிகளைச் சோதித்ததில் 11ல் ஆன்டிபயாடிக் இருந்தது. அதே வருஷம் ஐரோப்பிய நாடுகள் இந்தியத் தேனை வாங்குவதை நிறுத்தின. 2011ல்தான் மறுபடி திறந்துவிட்டார்கள். அங்கே தேனில் ஆன்டிபயாடிக்குக்கு அனுமதித்த அளவு என்று ஒன்று கிடையாது. நாம் ஐரோப்பாவுக்கா அனுப்பப் போகிறோம்? இல்லைதான். நம் தேன் சித்த வைத்தியப் பொடியில் குழைத்து நம் வீட்டுப் பெரியவர்களுக்கே போகிறது. (இடையில் ஒரு வார்த்தை: ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். சேனை வைக்கிற வீடுகள் கவனிக்கவும்.)

அப்படியானால் நோய் வராமல் என்ன செய்வது? வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். அடிப்பலகையைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், தேனீ மூடாத காலி அடையை எடுத்துவிடுங்கள், மெழுகுப் பூச்சி அங்கேதான் முட்டையிடும். கால் நான்குக்கும் தண்ணீர்க் கிண்ணம். மழை மாசத்தில் பசி போட்டு விடாதீர்கள், வெறும் சர்க்கரைப் பாகு போதும். பசித்த கூட்டத்தைத்தான் நோய் சீக்கிரம் பிடிக்கிறது. சந்தேகம் உள்ள பெட்டியின் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றவே கூடாது, கையையும் கத்தியையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் தொடவும் கூடாது. புதுசாகக் கூட்டம் பிரிக்கும்போது எப்போதும் நோய் அண்டாமல் நிற்கிற பெட்டியிலிருந்து பிரியுங்கள். செத்த புழு நாலைந்து கண்டால் அந்த அடைத் துண்டோடு குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய்க் காட்டுங்கள். மருந்து வேண்டுமா என்று பார்த்தவர் சொல்லட்டும். அப்படி மருந்து கொடுத்தால் அந்தப் பெட்டித் தேனை விற்பனைக்கு எடுக்க வேண்டாம்.

இதனால் நாங்கள் வைக்கிற கோரிக்கை: பவுடருக்கு உள்கடன் கிடையாது என்று கூட்டமைப்பு தீர்மானம் எழுத வேண்டும். அந்தப் பணத்தில் பத்துப் பெட்டிக்கு ஒரு புகைப்பானாவது வாங்கலாம். எல்லோர் தேனும் ஒரே டின்னில் சேர்கிறதால், ஒரு வீட்டுப் பாக்கெட் இருபது வீட்டுத் தேனைக் கெடுக்கும். ஆகவே ஏற்கெனவே ஊற்றினவர்கள் தயங்காமல் சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டோம். அந்தப் பெட்டிகளின் தேனை இந்தப் பருவம் தனியாக வைத்துவிடுவோம், பொது டின்னில் ஊற்ற வேண்டாம். பிரிக்காத பாக்கெட் இருந்தால் ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்போம்.